குழாய்க்குள் குழாய்

அருணாதேவிக்குக் கோபம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அன்றைக்கு மதியச் சோற்றுத் தூக்கை அப்படியே மூடி வைத்துவிட்டாள். எல்லாம் சிவகாசியிலிருந்து வந்த ஒரு போனால்தான்.

மல்லாங்கிணறு பக்கம் கொட்டகை போட்டு, முப்பது பெண்களை வைத்து, வாண வேடிக்கைக்கான காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கிறவள் அவள். அந்தக் குழாயை வாங்குகிற பட்டாசுக் கம்பெனியின் மேனேஜர் தேவாசீர்வாதம், அடுத்த மாதம் முதல் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறப்போவதாகச் சொல்லிவிட்டார். சரக்கில் குறையில்லையாம், லாரி வாடகைதான் கட்டுப்படியாகவில்லையாம்; பிளாஸ்டிக் குழாய் சிவகாசியிலேயே கிடைக்கிறதாம்.

“உங்க லோடுல பாதிக்கு மேல காத்துதாம்மா இருக்கு. காத்துக்கு எம்புட்டு நாளைக்கு வாடகை குடுக்க?” என்று கேட்டார்.

காத்தாமே காத்து! மானாவாரிக் காட்டில் மழையும் கிடையாது, வேறு வேலையும் கிடையாது. இந்தக் கொட்டகையை இழுத்து மூடினால் முப்பது வீட்டு அடுப்பு என்னத்தை வைத்து எரியும்? முணுமுணுத்துக்கொண்டே குழாய்க் குவியல்களைப் பார்த்தாள். பெரிசு ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம். அளவு கலந்தால் எண்ணிக்கை குழம்பும் என்று அளவுக்கு ஒரு லோடாக அனுப்புவதுதான் அந்த வட்டாரத்து வழக்கம். ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, அவளும்தான்.

இருந்த எரிச்சலில் ஒரு சிறுசை எடுத்து நடுத்தரத்துக்குள் குத்தினாள். அது போனது. அந்த இரண்டையும் சேர்த்துப் பெரிசுக்குள் தள்ளினாள். அதுவும் போனது, சுற்றிலும் கொஞ்சம் இடம்கூட மிச்சமிருந்தது. கம்பெனி மூன்று அளவையும் சமமாகத்தான் வாங்குகிறது. பெரிசை மட்டும் எண்ணினால் மற்ற இரண்டின் கணக்கும் அதிலேயே வந்துவிடும். மூன்று லாரிச் சரக்கு ஒரே லாரியில் அடங்கும்.

“அடி கூறுகெட்டவளே, இத்தனை வருசமா எங்கடி போச்சு உன் புத்தி?” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டத் திட்டச் சிரிப்புதான் வந்தது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவள் பதறினாள். அன்று உருட்டிய குழாயை மேலே தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நம்பி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஏற்றிவிட்டாள். உள்பக்கத்துப் பசை ஈரம் யார் கண்ணுக்குத் தெரியும்? தார்ப்பாய் மூடிய லாரியில் அது புழுங்கி, குடோனில் இறக்கும்போது மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இழுத்தால் கிழிந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று லாரி டிரைவர் சோலைச்சாமியே சலித்துக்கொண்டார். தேவாசீர்வாதம் கோபப்படவில்லை. இன்னும் ஒரே ஒரு லோடு எடுத்துக்கொள்வதாகவும், அதோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

அந்த ஒரு லோடுக்கு அவள் அவசரமே காட்டவில்லை. எப்போதும் படுக்கப்போட்டுக் காயவைக்கிற குழாய்களை இந்த முறை நெட்டுக்குத்தாக நிறுத்தச் சொன்னாள். உள்ளேயும் காற்றுப் போகட்டும் என்று. இது என்ன கூத்து என்று முணுமுணுத்த முத்துமாரியம்மாளும் மற்றப் பெண்களும் வெயிலில் நின்று ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். விரலை உள்ளே விட்டுப் பார்க்காமல் ஒரு குழாயைக்கூட அவள் செருகவிடவில்லை.

லாரியிலேயே அவளும் ஏறிப் போனாள். சிவகாசி குடோனில் தேவாசீர்வாதம் ஒரு கட்டைப் பிரித்து, ஒரு குழாயை எடுத்து லேசாகச் சாய்த்தார். நடுத்தரம் நழுவி வந்தது, அதற்குள்ளிருந்து சிறுசும் வந்தது. இன்னொன்றைச் சாய்த்தார். லாரியில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கட்டை உருவச் சொல்லி, அதிலிருந்தும் ஒன்றைச் சாய்த்தார். ஒன்றுகூட ஒட்டவில்லை, நசுங்கவில்லை.

“ஏலே பெனிட்டோ, அந்தப் பிளாஸ்டிக்காரருக்குப் போனைப் போடு. ஆர்டர் வேண்டாம்னு சொல்லிரு” என்று உள்ளே இருந்த கணக்கரிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “டீசலும் மிச்சம், பிளாஸ்டிக் தொல்லையும் இல்ல. மத்த கொட்டகைக்காரவுகளுக்கும் இதைச் சொல்லிக் குடுக்கீகளா?” என்று கேட்டார்.

சொல்லிக் கொடுக்கிறேன், ஆனால் சீசன் ஆர்டர் முதலில் என் கொட்டகைக்குத்தான் வரவேண்டும் என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

முத்துமாரியம்மாளுக்குப் போன் போட்டாள். எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லு, கூடப் பத்துப் பேர் கிடைத்தாலும் கூட்டிக்கொண்டு வா என்றாள். அந்தப் பக்கம் கொட்டகை முழுக்கக் குலவை கிளம்பியது. காதில் வைக்க முடியாமல் போனைத் தள்ளிப் பிடித்தாள். எட்ட நின்ற தேவாசீர்வாதத்துக்கே கேட்டுவிட்டது.

“அங்கன என்னம்மா, கல்யாண வீடா?”

“இல்ல சார்,” என்றாள் அருணாதேவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நாளைக்கு வேலை இருக்குன்னு சொன்னேன்.”