நாலு வரியில் வராத கடை

நோரீன் பெங்கில்லி தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருக்கும் சாண்ட்விச் சரியாமல் தட்டைத் தூக்கி, கழுத்தை மட்டும் கீழே கொடுத்துப் பார்ப்பது அவளுக்கு நாற்பது வருடப் பழக்கம். மூண்டா ஊரில் ஒரு சாவென்றால் பெண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவருவார்கள். தட்டு பத்திரமாக வீடு திரும்ப, அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். பெயரையும் பலகாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், யார் வீட்டில் செய்தது, யார் கடையில் வாங்கி வீட்டுத் தட்டுக்கு மாற்றியது என்று நோரீனுக்குப் புரிந்துவிடும்.

"ஐலீன் வீட்டு முட்டை சாண்ட்விச். இந்தத் தடவையும் முட்டையத் தேடித்தான் எடுக்கணும்" என்றாள்.

தேநீர்க் கொதிகலன் பக்கத்தில் நின்ற மெர்ல் தலையாட்டினாள். அவளுடைய கணவன் வெர்னைப் புதைத்து இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. நோரீன் அவனுடைய அக்கா. அழாமலிருக்க நோரீனுக்குத் தெரிந்த ஒரே வழி அடுத்தவர் தட்டைப் பார்ப்பதுதான் என்பது மெர்லுக்குத் தெரியும்.

சர்ச் கூடத்தில் நல்ல கூட்டம். வெர்ன் முப்பது வருடம் தானியக் கிடங்கில் லாரி நிறுக்கும் எடை மேடையைப் பார்த்தவன். அதற்காக யாரும் வரவில்லை. ஓய்வு பெற்றபின், ஊர்ச் செய்தி மடலில் மாதம் ஒரு கடையைப் பற்றி 'நாலு வரி' எழுதினான், அதற்காக வந்திருந்தார்கள். யார்க் தீபகற்பத்தில் அவன் உட்காராத காபிக் கடை கிடையாது. 'மின்லாட்டன்: சூப் சூடு. கொண்டுவந்து வைத்த பெண் அதைவிடச் சூடு. இரண்டையும் ஆறவைத்தால் சாப்பிடலாம்.' 'எடித்பர்க்: மீன் இன்று காலை வரை உயிரோடு இருந்தது. சிப்ஸ் எப்போதும் உயிரோடு இருந்ததில்லை.' 'சாப்பிடலாம்' என்றால் சுமார். 'பரவாயில்லை' என்றால் வண்டி எடுத்துக்கொண்டு போகலாம். எல்லாவற்றுக்கும் மேலே 'மோசமில்லை'. அதைப் பதினோரு வருடத்தில் மூன்று கடைகளுக்குத்தான் கொடுத்தான். மூன்றும் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கின்றன.

செய்தி மடல் மாதம் ஒருமுறைதான். வெர்ன் வெளியே சாப்பிடக் கிளம்பியதோ ஒவ்வொரு வியாழக்கிழமையும். மெர்லுக்கு வியாழன் புல்வெளிப் பந்தாட்டம் என்பதால் அவள் கூடப் போவதில்லை. இந்தக் கணக்கை முதலில் போட்டவள் நோரீன்.

"மாசத்துக்கு நாலு வியாழன். அவன் எழுதறது ஒண்ணு. மிச்சம் மூணு எங்க போச்சு?" என்று இரண்டு வருடம் முன்பே கேட்டாள். அப்புறம் யாரோ அவன் பிக்கப் வண்டியை ஸ்டான்ஸ்பரியில் பார்த்தார்கள். அடுத்த வாரமும் பார்த்தார்கள். ஒரு மணி நேரப் பயணம், படகுத்துறை எதிரில் ஒரு சின்னக் கடை, நடத்துவது ஒரு பெண். அந்தக் கடைக்கு நாலு வரி என்ன, அரை வரிகூட வந்ததில்லை. ஊருக்கு வேறென்ன வேண்டும்?

மெர்ல் வெர்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்ற பயம்தான். போன வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இடது பூட்ஸை மாட்டினான். வலதை மாட்டவில்லை. மெர்ல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, அந்த வலது பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குள் இருந்தது ஒரே கேள்வி. யாரைப் பார்க்கக் கிளம்பினாய்?

"இது யாருது?" நோரீனின் குரல் உயர்ந்தது. "பேரே காணோம்!"

மேஜைக் கோடியில் ஒரு பெரிய தகரத் தட்டு, மேலே நீலக்கோடு போட்ட துணி. பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். அறுபது வயதிருக்கும். கறுப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை, காலணியில் மட்டும் மாவு.

"என்னுதுங்க. பேரு ஒட்டணும்னு தோணல. கடைத் தட்டு" என்றாள் அவள். பிறகு மெர்லிடம் திரும்பினாள். "மிஸ்ஸஸ் பெங்கில்லி, நான் டெல். ஸ்டான்ஸ்பரில ஆறு மேசை போட்டு ஒரு கடை வச்சிருக்கேன்."

கூடத்தில் பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால் சட்டென்று எல்லாரும் வானிலையைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தார்கள்.

நோரீன் மெர்லின் காதருகே வந்தாள். "அவதான். மூக்கப் பாத்தாலே தெரியல?"

டெல்லின் மூக்கு சாதாரண மூக்கு.

"வெர்ன் உங்க கடையப் பத்தி எழுதினதே இல்லையே கண்ணு" என்றாள் நோரீன், தேன் தடவிய குரலில்.

"எழுத மாட்டாருங்க. எழுதினா மூண்டால தலைகாட்ட முடியாதுன்னு சொல்லுவாரு."

நோரீனின் புருவம் ஏறித் தொப்பிக்குள் போனது.

டெல் துணியை விலக்கினாள். ஒரு டஜன் பேஸ்டி. உள்ளே இறைச்சி வைத்து அரை நிலாவாக மடித்து ஓரம் முறுக்கிய மாவு, மேலே பொன்னிறம். பதினொன்றின் மேல் எதுவும் இல்லை. ஒன்றின் மூலையில் மட்டும் மாவிலேயே வெட்டி ஒட்டிய 'வி' என்ற ஆங்கில எழுத்து. சுரங்கம் தோண்ட இந்த ஊருக்கு வந்த முதல் பெங்கில்லிகள் காலத்திலிருந்து இப்படித்தான். அவரவர் பேஸ்டியில் அவரவர் எழுத்து, எழுத்து இல்லாத முனையிலிருந்துதான் கடிக்க வேண்டும், பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் யாருடையது என்று தெரியும்.

"இது அவரோடது. வியாழக்கிழமை காலைல எழுத்து போட்டு வச்சிருந்தேன். பத்தரை மணிக்கு வந்துடுவாரு. அன்னைக்கு வரல. சுடாம அப்படியே ஃப்ரீசர்ல வச்சேன். இன்னைக்குக் காலைலதான் சுட்டேன். தூக்கிப் போட மனசு வரல" என்றாள் டெல்.

மெர்ல் அதை எடுத்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள். ஆறு வருடமாக அவள் விரல்கள் முட்டிக்கு முட்டி வீங்கி, பழைய மரத்தின் வேர் மாதிரிக் கோணிப்போயிருந்தன. கத்தியைப் பிடிக்கலாம். பேஸ்டியின் ஓரத்தை முறுக்க முடியாது. அவள் பேஸ்டி செய்வதை விட்ட அன்று வெர்ன் சொன்னது ஒரே வார்த்தைதான். "விடு." அந்தச் சொல்லில் ஒரு நிம்மதி இருந்ததாக அவள் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

நினைக்கக் காரணம் இருந்தது. மெர்ல் ஷுல்ட்ஸ் குடும்பத்துப் பெண். கோதுமை விவசாயம் பார்த்த ஜெர்மன்காரர்கள். அவள் பேஸ்டியில் கேரட் போடுவாள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப், அதோடு நிறுத்த வேண்டும் என்பது மூண்டாவின் சட்டம். கல்யாணமாகி வந்த முதல் வாரம் நோரீன் அவள் பேஸ்டியைப் பிளந்து, ஒரு கேரட் துண்டை முள்கரண்டியில் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். வெர்னும் பின்னாளில் ஏதோ ஒரு கடையைப் பற்றித் தன் நாலு வரியில் எழுதினான்: 'பேஸ்டியில் கேரட். எழுந்து வந்துவிட்டேன்.' வீட்டில் மட்டும் முப்பத்தெட்டு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டான். சகித்துக்கொண்டான் என்றுதான் ஊர் சொன்னது. மெர்லும் அதைத்தான் நம்பினாள்.

எழுத்தில்லாத முனையில் அவள் கடித்தாள். மேல் மாவு உதிர்ந்தது. இரண்டாவது கடியில் மிளகு. மூன்றாவது கடியில் நிறுத்தினாள்.

உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள்.

"கேரட்" என்றாள் மெர்ல்.

"ஆமாங்க. எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க. மாத்திக்கோன்னு இந்தப் பக்கத்துல சொல்லாத ஆள் இல்ல" என்று டெல் கைகளைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஒன்றுமில்லை. "ஆறு வருஷம் முன்னாடி மொத தடவ வந்தாரு. ஒரு கடி கடிச்சாரு. அப்புறம் ரொம்ப நேரம் கடலையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. போச்சு, நம்ம பேரக் கெடுக்கப்போறாருன்னு நெனச்சேன். இன்னொண்ணு கொண்டான்னாரு."

கொதிகலனின் மூடி தடதடத்தது. யாரும் போய் அதைக் குறைக்கவில்லை.

"வீட்டுக்கு ரெண்டு கட்டித் தரவான்னு கேட்டுட்டே இருப்பேன். வேணாம்பாரு. 'வாங்கிட்டுப் போய் மேசைல வச்சா, உன் கை போச்சுன்னு நானே அவகிட்ட சொன்ன மாதிரி ஆயிடும்'பாரு."

மெர்ல் மெல்வதை நிறுத்தியிருந்தாள். பிறகு மெதுவாக மென்றாள். விழுங்கினாள்.

"சாப்பிட்டுட்டு என்ன சொல்லுவாரு?"

"மோசமில்லைம்பாரு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

நோரீன் நகர்ந்து வந்து தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். பிளக்கவில்லை, வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. நின்றபடியே கடித்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது, அவள் பார்த்தது மெர்லுக்கும் தெரிந்தது. கூடமே காத்திருந்தது. நோரீன் முழுவதையும் தின்றுமுடித்து, தாடையில் ஒட்டியிருந்த துணுக்கையும் விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கொதிகலன யாராவது கொறைங்களேன், காதே போயிரும்போல" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, ஐலீனுடைய தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குள் கூட்டம் கலைந்தது. பெண்கள் தங்கள் தங்கள் பெயரைத் தேடித் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். டெல்லுக்குக் கடை திறக்க வேண்டியிருந்தது, முன்னமே போய்விட்டாள். அவளுடைய தகரத் தட்டு மட்டும் மேஜையில் மிச்சம்.

"கொடு. கோல்ஃப் கிளப்காரங்க ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் போறாங்க, குடுத்து அனுப்பிடறேன்" என்றாள் நோரீன். அவள் கண்கள் சிவந்திருந்தன. "அதுல என்னமோ ஒட்டிட்டிருக்கு பாரு. தட்டிட்டுக் கழுவிடறேன்."

"அது இருக்கட்டும்" என்றாள் மெர்ல். "கழுவ வேண்டாம். தட்ட நானே கொண்டுபோறேன். வியாழக்கிழமை."

"உனக்கு அன்னைக்குப் பந்தாட்டம் இல்ல?"

மெர்ல் நீலக்கோட்டுத் துணியை எடுத்து உதறினாள். ஆச்சரியம், நோரீன் மேற்கொண்டு கேட்கவில்லை. கைப்பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து ஒரு துண்டு கிழித்து, தட்டைச் சரியாமல் தூக்கி, கழுத்தை மட்டும் கீழே கொடுத்து அடியில் ஒட்டினாள். 'டெல், ஸ்டான்ஸ்பரி' என்று பேனாவால் எழுதினாள்.

தட்டின் நடுவில் வெர்னின் பேஸ்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மூலை மீதியிருந்தது, 'வி' உடையாமல். மெர்ல் கோணிய விரல்களால் நீலக்கோட்டுத் துணியை அதன்மேல் இழுத்து, நான்கு ஓரத்தையும் உள்ளே மடித்துவிட்டாள்.