ஓனர் வெயில்

ஹேமநாதன் படியேறி ஓடி வருகிற சத்தம் கேட்டதும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் அவர். லிஃப்ட்டையே வெயிலில் ஓட வைத்த பெருமைக்குரியவர், அந்த லிஃப்ட் வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல் அரைக்கால் சட்டையோடு மூன்று மாடியும் ஓடியே வந்திருந்தார். செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாருங்கக்கா, எப்படிப் படுத்திருக்குன்னு." திரையில், வெயிலில் வருகிற கரண்ட்டைக் காட்டி மலைபோல ஏற வேண்டிய பச்சைக் கோடு ஒன்று பாதியில் பொத்தென்று விழுந்து கிடந்தது. மேலே யார் போனார்கள் என்று கேட்டார். மொட்டைமாடிக்குப் போகிற படி எங்கள் வாசலை ஒட்டித்தான் ஏறுகிறது. எனக்குத் தெரியாமல் அதில் ஒரு பூனைகூட ஏறியதில்லை. இருந்தாலும் "தெரியலியே தம்பி" என்றேன். சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மேலே தரைத்தள வீட்டு நாகம்மா வாயில் இரண்டு க்ளிப்பைக் கவ்விக்கொண்டு நின்றாள். டிஷ் ஆன்டெனா கம்பத்துக்கும் தொட்டிக் குழாய்க்கும் நடுவே புது நைலான் கயிறு. அதில் யானைப் படம் போட்ட சின்ன பெட்ஷீட் ஒன்று காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. காலை வெயிலில் அதன் நிழல் நீளமாக இறங்கி, வரிசையாகச் சாய்ந்திருந்த சோலார் பேனல்களில் முதலாவதன் மேல் மடியில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தது.

"நாகம்மா, மொதல்ல அதை எடுங்க. நிழல் விழுது பாருங்க."

"ஒரு ஓரமாத்தான சார் உழுது. மீதி எல்லாம் வெய்யில்ல ஜம்முனுதான கீது?"

"அப்படி இல்லைங்க. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. ஒண்ணு மேல நிழல் விழுந்தா அந்த வரிசையே சேர்ந்து படுத்துக்கும்."

நாகம்மா க்ளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். பேனல்களை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவள் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "ஒண்ணு இருட்டுல கீதுன்னா மொத்தமும் படுத்துக்குமா? பரவால்லியே. மனுசனுக்கு இல்லாத ரோசம் இதுக்கு கீது."

"பேச்சு வேணாம். யாரோட பெட்ஷீட் இது?"

"உங்க ஊட்டுதுதான் சார். ஒண்ணுக்குப் போனதும் உங்க புள்ளதான்."

எனக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. தொட்டிக்குப் பின்னால் போய் நின்று நன்றாக இருமினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணனூரில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் கட்டடம். பாதி வீடுகளில் எங்களைப்போல் சொந்தக்காரர்கள். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஆவடி ஃபேக்டரியில் ரிடையர் ஆன பணத்தில் வாங்கியது எங்களுடையது. மீதிப் பாதியில் வாடகைக்காரர்கள். பொங்கல் கழிந்த வாரம் பேனல்கள் வந்தன. பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஆளுக்கு இரண்டு வடை கொடுத்தார்கள். ஹேமநாதன் பேசினார்: தனித்தனியாகக் கூரை இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. ஒரே கூரையில் எல்லோருக்குமாகப் பேனல் வைப்போம். அதில் வருகிற கரண்ட் லிஃப்ட்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் போகும். மிஞ்சியது ஊர்க் கம்பிக்குப் போய் நம் பில்லில் கழியும். மாசாமாசம் கட்டுகிற பராமரிப்புப் பணம் எல்லோருக்கும் குறையும். எல்லோருக்கும் என்கிற சொல்லை அவர் அன்று எத்தனை முறை சொன்னார் என்று வடை மும்முரத்தில் நான் கவனிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த எல்லோரும் கொஞ்சம் சுருங்கிவிட்டார்கள். கட்டடம் சொந்தக்காரர்களுடையது, ஆகவே கூரையும் சொந்தக்காரர்களுடையது, ஆகவே குறைகிற பணமும் அவர்களுக்குத்தான் என்று முடிவாயிற்று. வாடகைக்காரர்கள் பழையபடி கட்ட வேண்டும். பேனல் வாங்கியதே சங்கத்தில் சேர்ந்திருந்த பராமரிப்புப் பணத்தில்தான், அதில் பாதியை வருஷக்கணக்காகக் கட்டியவர்கள் வாடகைக்காரர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை யாராவது பேசுவார்களா? கூடவே இன்னொரு தீர்மானம்: பேனல் பத்திரத்துக்காக மொட்டைமாடியில் இனி யாரும் துணி காயப்போடக் கூடாது. முதலில் கை தூக்கியது என் வீட்டுக்காரர். எதற்கு என்று பிறகு கேட்டேன். "எல்லாரும் தூக்குவாங்கன்னு பார்த்தேன், தூக்கிட்டேன்" என்றார்.

சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு பால்கனி உண்டு. நாகம்மாவுக்கு என்ன உண்டு? தரைத்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், சுற்றுச்சுவரைப் பார்த்த வீடு. உச்சி வேளையிலும் அங்கே ட்யூப்லைட் எரியும். அந்த வீட்டில்தான் எங்கள் கட்டடத்துக் குழந்தைகள் பகலெல்லாம் வளர்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் இன்னும் தூரத்துக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட, நாகம்மாதான் சோறூட்டித் தூங்க வைக்கிறாள். தூங்குகிற குழந்தை படுக்கையை நனைக்காமல் இருக்குமா? அதிலும் கோகுல்நாத் என்கிற பெரிய பெயரைச் சுமக்கிற ஹேமநாதனின் இரண்டு வயசுப் பிள்ளை, இந்த விஷயத்தில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. ஈரத்தைக் காயவைக்க வெயில் இல்லையென்றால் நாகம்மாவின் பிழைப்பே இல்லை.

பெட்ஷீட் சண்டைக்கு மறுநாள் மொட்டைமாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவைத்தார்கள். என் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது என்பதற்கு இந்தக் கட்டடம் கொடுத்த ஒரே அங்கீகாரம் அது. என் வீட்டுக்காரர் அதை வாசல் ஆணியில் பதக்கம் மாதிரி மாட்டினார்.

நாகம்மா சாவி கேட்டு வரவில்லை. வருவாள் என்று இரண்டு நாள் வாசலிலேயே காய்கறி நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏமாற்றமாகிவிட்டது. அவள் செய்தது வேறு. சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பக்கம் பிள்ளையைக் கொடுத்தாள், மறுபக்கம் கேரிபேக்கில் ஈரத் துணியைக் கொடுத்தாள். அதுவும் துவைக்காமல்.

"இன்னா நாகம்மா இது?" என்று மூக்கைச் சுளித்தாள் ஹேமநாதனின் மனைவி ரோஷினி. ஆபீஸ் அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. எங்கள் ஊருக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கும் 'இன்னா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெய்யிலு ஓனருக்குத்தான்னு மீட்டிங்ல சொல்ட்டாங்கோம்மா. ஓனர் ஊட்டு மூத்திரம் ஓனர் வெய்யில்லியே காயட்டும்."

அந்த வாரம் முழுக்கச் சூரியனில் ஓடுகிற எங்கள் லிஃப்ட் மூத்திர நாற்றத்தில் ஏறி இறங்கியது. ஐந்நூறு ரூபாய் ஸ்பிரே அடித்தும் போகவில்லை. மூட்டுவலிக்காரியான நானே படியில் நடந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வாஷிங் மெஷின்கள் எல்லாத் தளத்திலும் உறுமின. ரோஷினி ஹேமநாதனிடம் என்ன சொன்னாள் என்பது எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. அவர்கள் ஏ.சி. போட்டுவிட்டார்கள். "உன் கிராஃபைத் துவைச்சுக் காயப்போடு" என்பது மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துகிற இடத்தில் அவசரக் கூட்டம். நாகம்மா வீட்டு வாசலுக்கு நேரேதான் நாற்காலிகள் போட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கிற நடேசனை செல்போன் வழியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் நிறுத்தி வைத்தார்கள். நாகம்மா குடியிருக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர். கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை.

ஹேமநாதன் நல்லவராகத்தான் ஆரம்பித்தார். தொட்டிக்கு வடக்கே ஒரு கயிறு கட்டித் தருவதாகச் சொன்னார். நிழல் பேனலில் விழாது, எல்லோருக்கும் சம்மதம்தானே என்றார்.

"அங்க வெய்யிலும் உழாது சார்" என்றாள் நாகம்மா. "கவுறுக்காவ நான் வர்ல. லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் நானுந்தான் மாசாமாசம் கட்டினேன். அந்தத் துட்டுல வாங்கினதுதான மேல கீது? கொறைக்கறதுன்னா எல்லாருக்கும் கொறைங்க. இல்ல, யாருக்கும் கொறைக்காதீங்க."

"டெனன்ட்ஸ் இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க. எப்படிங்க அவங்களையும் கணக்குல சேர்க்கிறது?" என்றார் ஹேமநாதன்.

"கீறவங்கள கணக்குல சேக்கறதுதான சார் கணக்கு?" நாகம்மா ஸ்டூலைக் காட்டினாள். "அவரு இந்த லிஃப்ட்டுல ஒருவாட்டி ஏறிகிறாரா? இந்த மோட்டார் தண்ணில மூஞ்சி கழுவிகிறாரா? அவருக்கு வெய்யிலு உண்டு. இங்கியே இருட்டுல கெடக்கற எனக்கு இல்லியா?"

"அப்படிப் போடு" என்று பின்வரிசையில் ஒரு குரல். இரண்டாம் மாடி ஜஸ்டின். அவனும் வாடகைக்காரன். திருமழிசையில் ஷிஃப்ட் முடித்துத் தூங்காத கண்ணோடு வந்திருந்தான்.

ஸ்டூலின் மேலிருந்த நடேசன் தொண்டையைச் செருமினார். குரல் ஒரு கணம் பின்தங்கி வந்தது. இப்படியெல்லாம் பிரச்சினை என்றால் வாடகை ஒப்பந்தத்தைத் திரும்பப் போடுவதா வேண்டாமா என்று தான் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

நாகம்மாவின் முகத்தைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. ஒரு நொடி அது வெளுத்தது. பிறகு அவள் குனிந்து, செல்போனுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"யோசி நைனா. நல்லா யோசி. நீ யோசிச்சி முடிக்கறங்காட்டியும் திங்கக்கெழமலருந்து இந்தப் புள்ளைங்கள யாரு பாத்துக்கறதுன்னு இவங்க யோசிக்கட்டும். நான் கதவத் தெறக்கறது மேல கதவு தெறந்தப்பறம்தான்."

பெற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ மாமியாரை ஊரிலிருந்து வரவழைக்கலாம் என்றார்கள். யாருடைய மாமியார் என்பதில் பேச்சு நின்றுபோனது. முடிவு எடுக்காமலேயே கூட்டம் கலைந்தது.

திங்கட்கிழமை காலை. கீழ்வீட்டுக் கதவு திறக்கவில்லை. எங்கள் காலிங்பெல் அடித்தது. வாசலில் நாகம்மா, இடுப்பில் துவைத்த துணி வாளி, அதில் மேலாக வெள்ளிக்கிழமை கொடுக்காமல் வைத்துக்கொண்ட யானைப் பெட்ஷீட். பின்னால் படி நெடுக ஜஸ்டினும் மற்ற வாடகைக்காரர்களும், ஆளுக்கொரு ஈரத் துணியோடு. சிலர் கையில் இருந்தது லுங்கி. வாளியின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் மிதியடியை நனைத்துவிட்டு என் காலை நோக்கி வந்தது.

"கோமளாக்கா, வெய்யிலு ஏறுது" என்றாள் நாகம்மா. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலே தலையைத் தூக்கினார். "ஏய், நாம ஓனருடி."

"அதான் தெரியுதே. நாலு வருசமா இந்தப் படியில யாரு போறா, யாரு வரான்னு பாத்துக்கினே கீறேன். ஒரு நாளாவது நானும் போறேன்" என்று சொல்லி ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். புதுப் பூட்டு, கொஞ்சம் முரண்டு பிடித்தது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன்.

கதவு திறந்ததும் வெயில் மொத்தமாக முகத்தில் விழுந்தது. ஜஸ்டின் கயிற்றை இழுத்துக் கட்டினான். யானைப் பெட்ஷீட்டின் ஒரு முனையை நாகம்மா பிடிக்க, மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். தூக்கிப் போட்டோம். அதன் நிழல் தரையில் ஓடிப்போய் முதல் பேனலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. காற்றடித்தபோது எட்டித் தொட்டது. அடங்கியபோது விலகியது.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தேன். நாகம்மா வீட்டு மூடிய கதவிலிருந்து திரும்பிக் கட்டட வாசல்வரை வந்திருந்தார் ஹேமநாதன். ஆபீஸ் சட்டை, தோளில் பை, இடுப்பில் கோகுல்நாத். ஒரு கையில் செல்போன். பிள்ளை அண்ணாந்து பார்த்து, தன் துணியை அடையாளம் கண்டுகொண்டு, "ஆன! ஆன!" என்று கைதட்டிக் கத்தினான். அவர் மேலே பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் கோடு விழுந்துகொண்டிருந்ததா ஏறிக்கொண்டிருந்ததா, எத்தனை எட்டிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. மறுபடி காற்றடித்தது. என் தலைக்கு மேல் பெட்ஷீட் உப்பி எழுந்தது.