வெள்ளை டப்பாவில் ஐம்பது பொத்தான்

மூன்றாம் வகுப்பு டீச்சர் பாடம் முடிந்ததும் கேள்வி கேட்க மாட்டாள். முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பொத்தான் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். புரிந்தவர்கள் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும், புரியாதவர்கள் கறுப்புத் தகர டப்பாவில். பார்த்துக்கொண்டே நின்றால் எந்தப் பிள்ளைதான் உண்மை சொல்லும்?

கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஆரம்பித்து மூன்று வாரமாகிவிட்டது. கறுப்பு டப்பாதான் தினமும் கலகலவென்று நிறைந்தது. தலைமையாசிரியை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்:

"நாளைக்கு மேற்பார்வையாளர் வர்றார். அப்பவும் இப்படியே இருந்தா, வகுப்பை வேற ஆள்கிட்ட கொடுத்துட்டு நீங்க நூலகத்துல உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போடுங்க."

டீச்சருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. தலைமையாசிரியை பேசியபோது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் பாடம் முடிந்தது. டீச்சர் திரும்பிக்கொண்டு, மேற்பார்வையாளரையும் திரும்பச் சொன்னாள். பாவம், மனிதரும் சுவரைப் பார்த்து நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரே தள்ளுமுள்ளு.

கறுப்பு டப்பா காலி! டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மேற்பார்வையாளர் வெள்ளை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்.

"ஏம்மா, பிள்ளைங்க முப்பத்தொண்ணு. பொத்தான் ஐம்பது இருக்கே?"

முதல் பெஞ்சு வாயாடி எழுந்தாள். "சார், டீச்சரை அட்டை போட அனுப்பிடாதீங்க. நாங்கதான் சட்டையில இருந்து பிச்சுப் போட்டோம். நிறையப் புரிஞ்சா நல்லதுதானே?"

அப்போதுதான் டீச்சர் பார்த்தாள். பாதிப் பிள்ளைகள் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை பிச்சீங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"பத்தொம்பது," என்றான் கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சி.

"எண்ணினியா?"

"எதுக்கு சார் எண்ணணும்? ஐம்பதுல முப்பத்தொண்ணு போகணும். சைபர்ல ஒண்ணு போகாது. அஞ்சுகிட்ட கடன் வாங்கினா பத்து. ஒண்ணு போனா ஒம்பது. அஞ்சு இப்ப நாலு, அதுல மூணு போனா ஒண்ணு. இதுகூடவா தெரியாது?"

டீச்சருக்குத் தலை சுற்றியது. "அடப்பாவிங்களா! அப்புறம் ஏன்டா தினமும் கறுப்புல போட்டீங்க?"

"அதுலதான் டீச்சர் சத்தம் நல்லா வருது!"

மேற்பார்வையாளர் ஒரு பொத்தானை எடுத்து வெள்ளை டப்பாவில் போட்டார். சப்பென்று விழுந்தது. கறுப்பில் போட்டார். டிணிங்! காரணமே இல்லாமல் இன்னும் நான்கு போட்டார்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை ஓடி வந்தார்.

"டீச்சர் இங்கயே இருக்கட்டும்," என்றார் மேற்பார்வையாளர், இன்னொரு பொத்தானை விரலில் உருட்டியபடி. "டப்பாவைத்தான் மாத்தணும். ரெண்டும் தகரமா வாங்கிக் கொடுங்க."