குடைக்காரன் தாண்டாத குழி

மதுரை டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் டோனி நம்பவே இல்லை. கையிலும் தோளிலும் ஊசியைக் குத்தி மெஷினில் பார்த்துவிட்டு, இது நரம்பில் வருகிற நோய், சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும், முதலில் கை, பிறகு மற்றது என்று அந்த மனுஷன் பொறுமையாகத்தான் சொன்னார். மருந்து இருக்கிறதா என்று நான் கேட்டேன். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். டோனி சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், அந்த மெஷினில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னார். பிறகு சின்னாளபட்டி வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

வண்டி ஓட்டுகிறவர் அப்படித்தான் பேசுவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிலக்கோட்டையில் பூ ஏற்றி வேன் ஓட்டியவர். மல்லிகை மூட்டை ஏறிவிட்டால் அவருக்குப் பெண்டாட்டியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. பூ வாடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மனிதருக்கு ஒருநாள் கியர் விழவில்லை. கியர்பாக்ஸையே இறக்க வைத்து மெக்கானிக்கின் உயிரை எடுத்தார். கியர்பாக்ஸில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் மதுரைக்குப் போனோம்.

விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்பாஞ்சு பந்து கொடுத்தார்கள். இது என்ன பிள்ளை விளையாட்டு என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, நிஜமான பிள்ளை விளையாட்டைக் கேட்டார். பரணில் கிடந்த கம்ப்யூட்டரை எடுக்கச் சொன்னார்.

கம்ப்யூட்டர் என்றால் இப்போது பார்க்கிற கம்ப்யூட்டர் இல்லை. பார்வைக்கு வெறும் கீபோர்டுதான். அதன் வயரை டிவியில் சொருகி, முதுகில் ஒரு கேசட்டை மாட்டினால் ஆட்டம் வந்துவிடும். கல்யாணமான புதிதில் வாங்கிவந்தார். பிறக்கப்போகிற பிள்ளை டைப்பிங் கற்றுக்கொள்ளட்டும் என்று என் மாமியாரிடம் கூசாமல் புளுகினார். டைப்பிங் கேசட்டை உறையைவிட்டுக்கூட எடுக்கவில்லை. நாங்கள் ஆடியதெல்லாம் ஒரே ஆட்டம். ஒரு பையன் குடையும் கையுமாக ஓடுவான். வழியில் குழி, முள், உடைந்த பாலம். சரியான நேரத்தில் ஜாய்ஸ்டிக்கில் பட்டனை அமுக்கினால் குடையை விரித்துத் தாண்டிவிடுவான். கொஞ்சம் பிந்தினாலும் குழிக்குள் போய்விடுவான். எங்களுக்கு அவன் பெயர் குடைக்காரன்.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் டோனிதான். ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார் என்று நினைத்துவிட வேண்டாம், நன்றாகத் திட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். நான் முதல் கட்டத்தைத் தாண்டவே மாதக்கணக்கானது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் கட்டம் வரை போவார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு, ஆட்டத்தில் வருகிற பாட்டுச் சத்தத்தை வைத்தே அமுக்குவார். எனக்கு அப்போது எவ்வளவு பெருமை. இந்தக் கையில் வாழ்க்கையை ஒப்படைக்கலாம் என்று இருந்தது.

இப்போது அதைக் கொண்டுவந்து மாட்டியது, மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கிய பெரிய எல்இடி டிவியில். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். கேசட்டை ஊதி ஊதி மாட்டியதும் படம் வந்துவிட்டது. வெடவெடவென்று ஒல்லியாக இருந்த குடைக்காரன் இந்த டிவியில் இட்லி தின்று கொழுத்தவன்போல் அகலமாகத் தெரிந்தான். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். டோனி ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, ஏதோ வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வதைப்போல நெஞ்சில் சிலுவை போட்டார்.

"இவன் முதக் கட்டத்தத் தாண்டிட்டான்னா அந்த டாக்டர் சொன்னது பொய்யின்னு வச்சுக்க, செல்வம்."

என் முழுப்பெயர் மரியசெல்வம். அவருக்கு மட்டும் செல்வம்.

குடைக்காரன் முதல் குழியிலேயே விழுந்தான். மறுபடி விழுந்தான். அன்று மட்டும் இல்லை, அந்த வாரம் முழுக்க விழுந்தான். டோனி காலைக் காப்பி குடித்துவிட்டு உட்காருவார், நான் சோறாக்கிக் கூப்பிடும்வரை விழுவார். அப்புறம் விழுவதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். தட்டில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்துபோவார். எனக்கு அந்தக் குடைக்காரன்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சவத்தெழவு, ஒரே ஒருமுறை தாண்டித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும் அவனுக்கு?

அந்த நிலையில்தான் கமலக்கண்ணன் வந்தார். கேபிள் டிவி போடுகிறவர், டிவி ரிப்பேரும் பார்ப்பார், டோனியை அண்ணே அண்ணே என்று சுற்றிவருகிறவர். டோனி விழுவதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கை வாங்கித் தானும் ஆடினார். அவரும் விழுந்தார். விழுந்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இது ஒங்க கையில்ல. டிவி."

பிறகு விளக்கமாகச் சொன்னார். பழைய டிவியில் வயரில் வருகிற படம் அப்படியே திரைக்குப் போய்விடுமாம். புது டிவி அப்படி இல்லையாம். அந்தப் பொடிப் படத்தை வாங்கி, இழுத்துப் பெரிதாக்கி, பளபளப்பு ஏற்றி, அப்புறம்தான் காட்டுமாம். அதற்குள் கண்ணிமைக்கிற நேரம் போய்விடும். நாம் அமுக்குவது ஒரு நேரம், அவன் குதிப்பது வேறு நேரம். சில டிவியில் இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு என்று ரிமோட்டை வைத்துக்கொண்டு தேடினார், எங்கள் டிவியில் அது இல்லை.

டோனியின் முகத்தில் ரத்தம் ஊறியதை நான் பார்த்தேன். "அதான பாத்தேன்," என்றார். மூன்று தடவை சொன்னார். அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனம் என்ன என்று அவராகவே கேட்டார். கறி எடுத்துவரச் சொல்லி, குழம்பில் உப்புக் குறைவு என்று குற்றமும் கண்டுபிடித்தார். அந்தக் குற்றத்தைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாப் பழியும் டிவிக்குத்தான். குடைக்காரன் குழியில் விழுந்தால், "பாரு, இம்புட்டு லேட்டாக் குதிக்கிறான்," என்பார். நானும் சேர்ந்துகொண்டு டிவியை வாய்க்கு வந்தபடி பேசுவேன். பூ மார்க்கெட்டுக்குப் போன் போட்டு, கழுத்து நரம்பு சும்மா பிசகியிருக்கிறது, பொங்கல் சீசனுக்கு வேனை எடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியூரில் இருக்கிற மகளிடமும் அதையே சொன்னார். கமலக்கண்ணன் சொன்னதில் பொய்யே இல்லை. டிவி தாமதம்தான். ஆனால் தண்ணீர்ச் செம்பை அவர் இரண்டு கையாலும் சேர்த்துத் தூக்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. செம்புக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்? அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்தத் தாமதம் இருக்கிறவரை என் புருஷன் சாப்பிடுவார், தூங்குவார், என்னைத் திட்டுவார். எனக்கு அது போதும்.

கமலக்கண்ணனுக்குத்தான் அது போதவில்லை. அண்ணனுக்கு ஒரு பழைய பிக்சர் டியூப் டிவி கண்டுபிடித்துக் கொடுத்தே தீருவது என்று ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். எல்லாரும் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கடைசியில் பேகம்பூரில் ஷாஹினா என்று ஒரு டெய்லரம்மா வீட்டில், துணி போர்த்தி, மேலே நூல்கண்டு டப்பாக்களை அடுக்கி ஒன்றை வைத்திருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை, இன்றைக்கே கொண்டுவருகிறேன் என்று போன் வந்தபோது டோனி பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கோயிலில் அன்றைக்கு அவர் பாடிய பாட்டுக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வாசலிலேயே காத்திருந்தேன். ஆட்டோவிலிருந்து கமலக்கண்ணன் அந்தக் கனத்த பெட்டியை நெஞ்சோடு அணைத்து இறக்கும்போதே பக்கத்தில் போய்விட்டேன்.

"தம்பி, இதத் திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க. ஓடலன்னு சொல்லிருங்க."

"ஏன் மதினி? சும்மா ஜம்முன்னு ஓடுது. ஓட்டிப் பாத்துட்டுத்தான கொண்டாந்தேன்."

வீட்டில் இடம் இல்லை என்று நினைத்தார் போல. ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம் மதினி, நானே ஸ்டாண்டு கொண்டுவருகிறேன் என்றார். பாசக்காரப் பையன், அவரை என்ன சொல்லித் திட்டுவது. டாக்டர் சொன்னது நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார். அந்த வார்த்தையை அதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டது கிடையாது. அதற்குள் டோனி நிலைப்படியில் வந்து நின்று, "ஏலே தம்பி, வாசல்ல என்ன மாநாடு, உள்ள கொண்டா," என்றார்.

பழைய டிவி சூடேறிப் படம் வர நேரம் பிடித்தது. வந்தபோது குடைக்காரன் மறுபடி மெலிந்து, எங்கள் கல்யாணத்து வருஷத்தில் இருந்த மாதிரியே இருந்தான். டோனி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கமலக்கண்ணன் முதலில் தான் ஆடிப் பார்க்கிறேன் என்று கை நீட்டினார். டோனி கொடுக்கவில்லை.

குடைக்காரன் ஓடினான். குழி வந்தது. விழுந்தான்.

டோனி சிரித்தார். புது டிவிக்குப் பழகிவிட்டது, அதனால்தான் என்றார். இரண்டாவது முறை விழுந்ததும், ஜாய்ஸ்டிக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்புறம் மறுபடி மறுபடி ஆடினார். ஒவ்வொரு முறையும் குழி வருவதற்கு முன்பே அவர் தோளை உயர்த்துவார், பல்லைக் கடிப்பார், உடம்பு முழுக்கக் குதிக்கும், கட்டைவிரல் மட்டும் கடைசியாக வந்து சேரும். கமலக்கண்ணன் திரையை விட்டுவிட்டு அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாசலில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்த நேரம் அதுதான். எங்கேயோ கேபிள் அறுந்துகிடக்கிறது, போக வேண்டும் என்று முணுமுணுத்தார். செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போனார்.

டோனி ஜாய்ஸ்டிக்கை என் மடியில் வைத்தார்.

"நீ ஆடிப் பாரு. இந்த டிவியும் லேட்டான்னு பாப்போம்."

அவர் குரலில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் விழுந்தால் டிவி கெட்டது. நான் தாண்டினால் அவர் கை போனது. எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? குடைக்காரன் ஓடினான், குழி வந்தது, விழுந்தான்.

"இதுவும் லேட்டுதாங்க," என்றேன். "ஷாஹினாக்கா நல்லா ஏமாத்திருச்சு. ஒண்ணுக்கும் ஒதவாத பொட்டி."

நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன். திரும்பிப் பார்த்தால், அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அமுக்கவே இல்லையே, செல்வம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். என் தலையைத் தடவிக்கொடுக்கிற குரலில் சொன்னார். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அமுக்கு. நான் பாக்கணும்."

"வேணாங்க."

"அமுக்கும்மா."

அமுக்கினேன். குடைக்காரன் குடையை விரித்து முதல் குழியைத் தாண்டினான். முள்ளைத் தாண்டினான். எத்தனையோ வருஷமாக ஆடாதவள், என் விரல் சொன்னதையெல்லாம் அவன் அந்த நொடியே கேட்டான். ஒருமுறை பிந்தக் கூடாதா என்று கெஞ்சாத குறையாக அமுக்கினேன். அவன் பிந்தவே இல்லை. உடைந்த பாலத்தையும் தாண்டி, முதல் கட்டம் முடிந்து, பாட்டு மாறியது. நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவும் இல்லை.

டோனி கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"டிவி நல்லாத்தான் இருக்கு," என்றார்.