காடை அடைகாக்காது

காடை அடைகாக்காது. முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த ஒரு விஷயத்தை ஒரு மனிதரை நம்பவைக்க என்னால் முடியவில்லை.

தம்பி லெட்சுமணன் மாத்தளை டவுனில் ரேடியோ திருத்துகிற கடையில் வேலை செய்தான். அவன் பள்ளிக்கூடத்தை விட்டதால்தான் நான் கெம்பஸ் போக முடிந்தது. அம்மாவுக்கு ரத்தம் போதாது, முட்டை கொடுங்க என்று கிளினிக்கில் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் கோழிக்கூட்டுக்கு ஏது இடம்? காடைக்கு ஒரு பழப்பெட்டி போதும் என்று சில சோடி வாங்கி வந்தான். குஞ்சு பொரிக்க, மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் பல்ப் மாட்டினான். சூடு கூடினால் தானாக அணைய ஒரு சுவிட்ச். கரண்ட் போனால் எரிய ஒரு பழைய பெட்டரி. சுற்றிலும் வயர்.

"டிகிரி முடிச்ச அக்காவுக்கு இது வருமா?" என்று இளித்தான்.

அது 2007. கொழும்பில் எங்கோ குண்டு வெடித்ததற்கு எங்கள் லயத்தைச் சோதிக்கப் பொலிஸ்காரர்கள் வந்தார்கள். வயரையும் பெட்டரியையும் பார்த்தார்கள். வேறென்ன வேண்டும்? முட்டைகளைப் பாயில் கொட்டிவிட்டுப் பெட்டியையும் தம்பியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் திரும்பும்போது அவன் கத்தினான்: "அக்கா, முட்டை ஆறிடும்!"

தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மடையன்.

முட்டை பொரித்தால் அது குஞ்சுப் பெட்டிதான் என்று காட்டிவிடலாம். பொரிக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. பக்கத்துக் காம்பரா கிருஷ்ணம்மா அக்காவின் கோழி அடையில் இருந்தது. முட்டைகளை அதன் கீழே வைத்தோம்.

"ஏன்டி, என் கோழிக்குத் தத்துப்பிள்ளை வேறயா?" என்றார். பொரித்த அன்று அவரே ஓடிவந்தார். "அடியே, வண்டு வண்டா பொரிச்சிருக்குடி!"

நாலு குஞ்சை பிஸ்கட் பெட்டியில் வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் பொலிசுக்குப் போனோம். அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன், ஒரு பிழை இல்லாமல்.

ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அழகா இருக்கே. எது பொரிச்சது?"

"கோழி, சேர்."

"கோழி பொரிக்குதுன்னா பெட்டி எதுக்கு?"

காடை அடைகாக்காது என்றேன். கோழி எப்போதும் அடையில் இருக்காது என்றேன். பெட்டியைக் கொண்டுவாங்க, முட்டை வைத்தே காட்டுகிறேன் என்றேன். குரல் கூடிவிட்டது. அவர் குஞ்சைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார்.

"கத்தாதே. அவன் இங்க இல்ல. கொழும்புக்கு அனுப்பியாச்சு."

"கொழும்புல எங்க?"

"அது எங்களுக்குத் தெரியாது."

வாசலில் அம்மா என் கையைப் பிடித்தாள். "குஞ்சைப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"அப்ப விட்டுருவாங்க."

"அவன் இங்க இல்லம்மா. கொழும்புக்குக் கொண்டுபோயிட்டாங்க."

அம்மா அழவில்லை. மழை தூறியது, குஞ்சுகள் குளிரில் கீச்சிட்டன. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்:

"அப்ப... இது பொரிச்சது அவனுக்குத் தெரியாதாடி?"