வெயிலுக்கு மெயின் கிடையாது

மூன்று நாள் அடைமழை விட்ட நடுப்பகலில், வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கொட்டகையில் அடிதடி மூண்டது. கூரைமேல் சோலார் தகடுகள், உள்ளே ஆளுயரப் பேட்டரி. மழையில் பேட்டரி வற்றிப்போயிருந்ததால், வரிசைப்படி ஆளுக்குப் பாதி சார்ஜ்தான் என்று கொட்டகையை நடத்தும் அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள். ஊரே கேட்டுக்கொண்டது, கூடப்பிறந்தவன் கேட்கவில்லை.

தம்பி ஆட்டோ ஓட்டுகிறவன். மூக்குக்கு மேல் கோபம். பாதி ஏறியதும் அக்கா பிளக்கைப் பிடுங்கி அடுத்து நின்ற பால்காரரிடம் கொடுத்தாள். அவ்வளவுதான்! அவர் சட்டையைப் பிடித்து முகத்தை வண்டிக் கம்பியில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது.

"பெரிய மனுசன அடிக்கிறியேடா, நீ விளங்குவியா?" என்று அக்கா நடுவில் பாய்ந்தாள். அவளுக்கும் ஓர் அறை விழுந்தது.

"எனக்கில்லாத கரண்ட் எவனுக்கும் கிடையாது!"

தம்பி மெயின் சுவிட்சை இறக்கினான். தகடுகளில் நிழல் விழாதபடி கிளை வெட்ட வைத்திருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு, கூரையிலிருந்து தடித்த வயர் இறங்கும் சுவரோரம் போனான். காலடியில் மழைத் தண்ணீர், காலில் செருப்புகூட இல்லை. மெயினை இறக்கினால் வயர் செத்துவிடும் என்பது வீட்டு வயரிங் பார்த்த அரைகுறை ஞானம். பாவி, வெயில் அடிக்கும்வரை தகட்டு வயர் சாகாது, ஆளைத்தான் சாகடிக்கும்.

"டேய், அதுல கரண்ட் இருக்குடா! மெயின அணைச்சா வெயில் அணையுமா?"

"யாருக்குக் காது குத்துற?"

கோடாலியை ஓங்கினான். அக்கா தகடு துடைக்கும் மூங்கில் கழியை எடுத்து, பலத்தையெல்லாம் திரட்டி அவன் முழங்கையில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கைநழுவிய கோடாலி வயரிலேயே போய் இறங்கியது.

வெள்ளை நெருப்பு சீறியது. மெயின் இறங்கியேதான் கிடந்தது, நெருப்பு நிற்கவில்லை. கோடாலியின் வாய் உருகிச் சொட்டி, கீழே விழுந்த பிறகே அடங்கியது.

தம்பி சேற்றில் உட்கார்ந்து அந்த இரும்பையே பார்த்தான். "அக்கா..." என்றான்.

அவள் கழியை வீசிவிட்டு அவன்மேல் விழுந்து கன்னம் கன்னமாக அறைந்தாள். "செத்துருப்படா! என் கண்ணு முன்னால கரிக்கட்டையா கிடந்துருப்படா!" அறைந்துகொண்டே அழுதாள்.

"விடும்மா, போதும்," என்று ரத்தம் வழியும் மூக்கோடு பால்காரர் இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. தம்பி நல்ல கையைத் தூக்கி ஓர் அடியைக்கூடத் தடுக்கவில்லை.