பிரேக்கில் இருந்த கால்

இன்ஸ்பெக்டர் பட்டறைக்குள் வந்தபோது பிரேக்காரர் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே வா என்றுகூட அந்த மனிதர் வாய் திறந்து சொல்லவில்லை. பூட்ஸ் நுனியால் பிரேக்காரரின் பாதத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். தங்கச்சி மாப்பிள்ளையை அடக்கம் செய்து முழுதாக இரண்டு நாள் ஆகவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரனிடம் ஒரு மரியாதை வேண்டாமா? அதை அந்த பூட்ஸிடம் எதிர்பார்த்தால் நம்மைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

"உன் தங்கச்சி புருஷன் வேன் இங்கதானே வேலைக்கு வந்துச்சு?"

"ஆமா சார்."

"பிரேக் எப்படி இருந்துச்சு?"

பிரேக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது, அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ரொம்ப யோசிக்காத. பிரேக் இல்லேன்னா அவனைக் கொன்னது நீ. பிரேக் இருந்துச்சுன்னா ஓடினது அவன். எது வேணும், நீயே சொல்லு."

காகிதத்தை ஏற்கெனவே டைப் அடித்துக் கையோடு கொண்டு வந்திருந்தார். மேற்படி வேனின் பிரேக் நல்ல நிலையில் இருந்தது என்று அதில் நாலு வரி. கீழே பிரேக்காரர் கையெழுத்துப் போட்டார். பயம்தான், வேறென்ன? இருபத்திரண்டு வருஷம் பிரேக் வேலையைத் தவிர வேறெதையும் தொடாமல், பெற்றவர்கள் வைத்த பெயரே ஊருக்கு மறந்துபோய், பிரேக்காரர் என்றே ஆகிவிட்ட மனுஷன். பிரேக் இல்லாமல் வண்டியை வெளியே விட்டான் என்று ஒரு வழக்கு வந்தால் பட்டறையும் போகும், பெயரும் போகும், ஜெயிலும் வந்து சேரும்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை பேக்கரி ரொட்டியைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர். பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று வேனைச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருந்தது. அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் நட்டைத் திறந்து திறந்து மூட. இரண்டு சக்கரம் முடிந்ததும் பெடல் மிதித்த ஆள் பல்வலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரேக்காரரும் கையைக் கழுவிவிட்டார்.

வெளியாள் வண்டி என்றால் சாவியைக் கழற்றி உள்ளே பலகையில் மாட்டிப் பூட்டுவார். சொந்தக்காரன் வண்டிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மாப்பிள்ளை வண்டி பட்டறை வாசலில் நிற்கும், சாவி அதிலேயே தொங்கும், மாப்பிள்ளையும் விடியுமுன் வந்து, மச்சானை எழுப்பாமல், தானே எடுத்துக்கொண்டு போய்விடுவார். எட்டு வருஷமாக இப்படித்தான். வேலை முடியவில்லை, எடுக்காதே என்று ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. நாலு மணிக்கு எழுந்திருக்கிற மனுஷன், தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். நினைக்க நினைக்க அவருக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

காற்று பாதி இருக்கிற பிரேக் முதல் மிதிகளுக்குக் கொஞ்சம் பிடிக்கிற மாதிரி பாசாங்கு செய்யும், இறக்கத்தில் காலை வாரிவிடும். இறக்கம் முடிகிற இடத்தில் போலீஸ் தடுப்புப் போட்டிருந்தது. எங்கேயோ ஒரு வெள்ளை வேன் களவு போயிருந்ததாம். விடியற்காலைப் பனியில் ஏட்டு கையைக் காட்டினார், வேன் நிற்காமல் தடுப்பை இடித்துக்கொண்டு போனது, ஏட்டு மூன்று முறை சுட்டார். ஒன்று கழுத்தில். வேனுக்குள் இருந்தது தொண்ணூறு பாக்கெட் ரொட்டி.

ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா? துக்கம் கேட்க வந்தவர்களே முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு ஓடணும்?" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "ரொட்டிக்குக் கீழ என்ன வெச்சிருந்தாரோ" என்றாள், தங்கச்சி காதில் விழுகிற மாதிரியே. பிரேக்காரர் தினமும் தங்கச்சி வீட்டுக்குப் போனார். நாற்காலி எடுத்துப் போட்டார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், அத்தனையும் கேட்டார். அப்படிப் பேசியவர்களைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அடுத்த வார்த்தை தன்னைப் பற்றியதாக இருக்கும் என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. பழைய அலுவலகக் கட்டடத்தில் மாடி அறை, நீளமான மேசை, ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுகிற மின்விசிறி. விசாரணை அதிகாரி ஒரு பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் படிப்பார். தங்கச்சி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் போலீஸ்காரர்கள் இரண்டு வரிசை, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தமக்குள் பேசிச் சிரித்துக்கொண்டு.

முதலில் ஏட்டு. இஸ்திரி போட்ட சட்டை, அதில் ஒரு மெடல்.

"என்மேல ஏத்திக் கொல்ல வந்தான் மேடம். ஒதுங்கலேன்னா இன்னிக்கு நான் இல்ல. தாண்டி ஓடினான். விட்டா மேல போய் யார் மேலயாவது ஏத்துவான்னுதான் சுட்டேன்."

"அவ்வளவு பனியில வண்டி எப்படித் தெரிஞ்சுது?"

"வண்டியே தெரியல மேடம். மேல நடுவுல ஒரு சிவப்பு லைட் மட்டும் நல்லா எரிஞ்சுது. அதுக்கு ரெண்டு முழம் கீழ குறி வெச்சேன். மூணும் பின்கதவுல ஒரே இடத்துல விழுந்துச்சு." மெடலைத் தொட்டுக்கொண்டார். "இது சுடுற போட்டியில வாங்கினது."

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அந்தத் தவளை கத்தியது அறையில் ஒரு காதில்கூட ஏறவில்லை. அதிகாரி குறித்துக்கொண்டார், இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பிரேக்காரர் மட்டும் பெஞ்சு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். நடுவில் இருக்கிற அந்த விளக்கு சும்மா எரியாது. அது எதற்கு எரியும் என்று அந்த அறையில் அவரைப்போலத் தெரிந்தவர் வேறு யார்?

அடுத்து அவரைக் கூப்பிட்டார்கள்.

"பிரேக் நல்லா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்க கையெழுத்துதானே?"

சரி என்று ஒரு வார்த்தை. சொன்னால் பட்டறை பிழைக்கும், இரவு சாப்பாடு தொண்டையில் இறங்கும். மாப்பிள்ளை மட்டும் ஓடினவனாகவே மண்ணுக்குள் கிடப்பார். பின்னால் திரும்பினால் தங்கச்சி முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் திரும்பவே இல்லை.

"கையெழுத்து என்னுது மேடம். எழுதினது அவங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏட்டு ஐயா சொன்ன அந்த லைட், வேன் பின்கதவுக்கு மேல இருக்கிறது. ஓடுற வண்டியில அது எரியாது. பிரேக் பெடலை மிதிச்சாத்தான் எரியும், காலை எடுத்தா அணைஞ்சிடும். ஓடுறவன் ஆக்ஸிலேட்டரை மிதிப்பானா, பிரேக்கை மிதிப்பானா? அவர் குறி பார்த்தது அந்த மனுஷன் பிரேக்குல வெச்ச காலை. நிறுத்த மிதிச்சுக்கிட்டு இருந்தவரை முதுகுப்பக்கம் இருந்து சுட்டிருக்காங்க."

ஏட்டுவின் கை மெடலிலிருந்து இறங்கியது.

"அப்போ வண்டி ஏன் நிக்கல?" இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். "கேளுங்க மேடம். பிரேக்கை மிதிச்சவன் வண்டி ஏன் நிக்கலேன்னு கேளுங்க."

"நிக்காது சார்," என்றார் பிரேக்காரர். "நான் வேலைய பாதியில விட்டுட்டேன். அவருக்குச் சொல்லல. சாவியையும் எடுத்து வெக்கல. அன்னிக்கு நீங்க சொன்னது பாதி உண்மை. பிரேக் இல்லாததுக்கு நான் ஆளு. அதுக்கு என்னை உள்ள போடுங்க. பிரேக் இல்லாத வண்டி இறக்கம் முடிஞ்சா தானா நிக்கும், இல்லேன்னா எதுலயாவது முட்டி நிக்கும். கழுத்துல குண்டு நான் வெக்கல."

அதிகாரி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அவரை முதல் தடவையாகப் பார்த்தார். வேனை வேறு ஊர் நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றும், அதுவரை அதில் யாரும் கைவைக்கக்கூடாது என்றும் எழுதச் சொன்னார். பிரேக்காரர் ஊரை விட்டுப் போகக்கூடாது என்றும் எழுதச் சொன்னார். படி இறங்கும்போது ஒரு போலீஸ்காரர் தோளால் அவரை இடித்துச் சுவரோடு ஒதுக்கிவிட்டுப் போனார்.

தங்கச்சி கீழே வாசலில் நின்றாள். அழுகை இல்லை. அழுதிருந்தால் தேவலாம்.

"அவரு ஓடலேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்குக் காலையிலயே. பாதி வேலையோட வேனைக் காணோம்னு பார்த்தப்பவே."

"பன்னெண்டு நாளு என் வீட்ல வந்து நாற்காலி எடுத்துப் போட்டியே."

அவர் கிட்டே போனார். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நானும் நம்பிட்டேன், தெரியுமா? போலீஸ் சும்மாவா சுடும், நமக்குத் தெரியாம என்னமோ பண்ணியிருக்காருன்னு நம்பிட்டேன். முந்தாநாள் உன் மருமக, அப்பா அப்படி ஓடுற ஆளு இல்லம்மான்னு சொன்னா. வாயை மூடுடி, ஓடினவர்தான் உங்கப்பான்னு சொல்லி அறைஞ்சேன். கன்னத்துல விரல் பதிஞ்சிடுச்சு. ஒம்பது வயசுப் பிள்ளை."

"தங்கச்சி..."

"அப்படிக் கூப்பிடாத." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலு அடி போய் நின்று திரும்பாமலே சொன்னாள். "ஜெயிலுக்கு அப்புறமா போவ. இப்ப என்கூட வா. மேல சொன்னத அப்படியே அவகிட்ட சொல்லு. நான் சொன்னா இனிமே அவ நம்ப மாட்டா."

பிரேக்காரர் அவளுக்குப் பின்னால் நடந்தார்.